நாற்பத்தைந்து கிலோ

பகல் மூன்று மணி. ஈ காக்கை இல்லாத சாலை... சிரிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரி ஷிப்டுதான் என்று யார் சொன்னது? அந்த மெழுகுவர்த்தியை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

என் நண்பனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது. அந்தச் சாலையோரத்தில் லாரிகளை எடை போடுகிற மேடையில் அவருக்கு வேலை. தரையோடு தரையாக நீளமான இரும்புத் தகடு. லாரி ஏறி நின்றால் அறைக்குள் சிவப்பு எண்ணில் எடை எரியும். மனுஷன் ஏறினாலும் காட்டும்.

அறைச் சுவரில் பழுப்பேறிய ஒரு காணவில்லை நோட்டீஸ். வயது பத்தொன்பது. எடை நாற்பத்தைந்து கிலோ. இடது செருப்பு வாரில் ஊக்கு... அது சித்தப்பாவுடைய அக்கா. சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் காணாமல் போனாள். அறுந்த வாரில் ஊக்கைக் குத்திக் கொடுத்ததே சித்தப்பாதான். அப்போது அவருக்கு எட்டு வயது.

ஊர் வாயை மூட முடியுமா? ஓடிப்போய்விட்டாள் என்றது. கடை வேன் டிரைவர் மட்டும், "வீட்டு வாசல்லதான் இறக்கிவிட்டேன்" என்று ஒரே பேச்சாக நின்றார். "வீட்டுக்கு வரவே இல்ல" என்றார் சித்தப்பாவுடைய அண்ணன். டிரைவரை முதலில் அடித்ததும் அவர்தான். அன்றிலிருந்து டிரைவரைக் கண்டாலே சித்தப்பாவுக்கு வயிறு எரியும்.

அன்று மழை கொட்டி ஓய்ந்திருந்தது. டிரைவர் இப்போது கிழவர், சொந்த லாரி. எடை போட்டு, லாரியைச் சாலையில் நிறுத்திவிட்டு, சீட்டு வாங்க மேடை மேலேயே நடந்து வந்தார். எண் எழுபது காட்டியது.

சித்தப்பா சீட்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொல்லு. அக்காவ என்ன பண்ணின?"

கிழவர் கண் கலங்கிவிட்டது. "எத்தன வருஷம்டா கேப்ப? வாசல் கேட்டத் தாண்டி உள்ள போனத என் கண்ணால பாத்தேன் தம்பி. அதுக்கப்புறம் உங்க வீட்டுக்குத்தான் தெரியும்."

லாரி போய்விட்டது. கடைசி வார்த்தை மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. அன்றைக்கு வீட்டில் யார் இருந்தது? அம்மா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. அவர் காய்ச்சலில் கிடந்தார். அப்புறம்...

வெளியே மொபெட் சத்தம். மழையாயிற்றே என்று அழைத்துப்போக அண்ணன் வந்திருந்தார். எப்போது வந்தாலும் மேடையைச் சுற்றித்தான் வருவார். "லாரிக்குப் போட்டது, நமக்கு எதுக்குடா?" என்பார். அன்று இரண்டு பக்கமும் முழங்கால் சேறு. கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு தகட்டில் கால் வைத்தார்.

டொங்.

நூற்றைந்து.

அண்ணன் ஈர்க்குச்சி. அறுபதைத் தாண்டமாட்டார். சித்தப்பா முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டார். ஆனால் போன வாரம்தான் அதிகாரிகள் வந்து சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்... கிழவருக்குச் சரியாகத்தானே காட்டியது?

"அண்ணே... அங்கேயே நில்லுங்க."

அண்ணன் நின்றார். எண் அசையவில்லை. ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. ஈரத்துணியில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்த வாசனை.

"எவ்வளவுடா காட்டுது?" அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

சித்தப்பா மனசுக்குள் அறுபதைக் கழித்தார். சுவரிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் விடுவிடுவென்று திரும்பி நடந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். ஆனால் தகட்டில் கேட்டது வேறு... சரக்... டிக். சரக்... டிக். ஊக்கு இரும்பில் படுகிற சத்தம்.

அண்ணன் மொபெட்டில் உட்கார்ந்தார். பின் டயர் அமுங்கியது. ஒரு நொடி கழித்து இன்னொரு தடவை அமுங்கியது.

"ஏறுடா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க போங்கண்ணே..." சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பின்னாடி இடமில்ல."

அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.