நீல ஓரம் வைத்த மட்டை

என்னைவிட எல்லா வகையிலும் உயர்ந்த, உட்கார்ந்திருக்கும் நாற்காலியாலும் உயர்ந்த விழாத் தலைவர் அவர்களே! ஒற்றை விரலை உயர்த்தி எப்பேர்ப்பட்டவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும் நடுவர் ஐயா அவர்களே! அணியைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் அம்மா அவர்களே! வெயிலில் அமர்ந்து விளையாட்டை ரசித்த பெரியோர்களே! சேறு படிந்த சீருடையைத் துவைத்துத் துவைத்துக் கை சிவந்த தாய்மார்களே! மட்டையைப் பிடித்த கையால் எங்கள் மானத்தையும் பிடித்து நிறுத்திய வீராங்கனைகளே! அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு விளக்கம். மேடை ஏறியதும் கூப்பிய கையைப் பிரிக்காமல் நெடுநேரம் நின்றேன். "என்ன பணிவு, என்ன பண்பு!" என்று முன்வரிசை கைதட்டியது. ஐயா, அது பணிவு அல்ல, பசை! மகளின் கிரிக்கெட் மட்டையில் அடிப்பக்கம் ஒரு கீறல். அதற்கு வெள்ளைப் பசை வைத்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்தேன். கும்பிட்டேன், ஒட்டிக்கொண்டது. தலைவர் தம் தண்ணீரைச் சாய்த்து என்னை விடுவித்தார். அவர் தாகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் "மட்டையைப் பேணுவது எப்படி" என்று பேச அழைத்திருக்கிறீர்கள்!

மட்டை என்பது என்ன? மரம். மரம் என்றால் மரத்துப் போனதா? இல்லை! அதற்குத் தாகம் உண்டு, எண்ணெய் கேட்கும். அதற்கு அளவு தெரியாது. ஊற்றினால் குடித்துக்கொண்டே இருக்கும், பிறகு உலக்கையாய்க் கனக்கும். அதற்குப் பயிற்சி உண்டு; புது மட்டையை மரச்சுத்தியால் மெல்ல மெல்லத் தட்டிப் பதப்படுத்தாமல் களத்தில் இறக்கினால் முதல் வேகப்பந்திலேயே வாயைப் பிளந்துவிடும். இந்தத் தட்டுகிற வேலைக்கு எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரே சொல்தான்: அடிப்பது.

அந்தச் சொல்தான், பெரியோர்களே, என் குடும்பத்தை அடித்தது!

நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அணித் தேர்வு நெருங்கிய வாரம் பார்த்து வெளியூர்ச் சவாரி. வீட்டில் மகளின் புது மட்டை. அவள் கைக்கு அளவானது, எடைக்கு ஏற்றது. வீட்டில் இருந்தது யார்? என் மனைவியின் தம்பி. என் மைத்துனன். தொழிலால் பெயிண்டர்.

சிரிக்காதீர்கள்! இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே! மூன்றாம் வரிசையில் எழுந்து நின்று கையாட்டுகிறான் பாருங்கள். உட்காரு மாப்ளே, உன்னைப் புகழ இன்னும் நேரம் வரவில்லை.

வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

"மாப்ளே, பாப்பாவோட பேட்டை நல்லா அடிச்சு வை."

"எத்தனை தடவை அத்தான்?"

"ஒண்ணு ரெண்டு எப்படிப் போதும்? பொறுமையா, திரும்பத் திரும்ப."

"முன்னாடி எண்ணெய் ஏதாவது?"

"பந்து படுற முகத்துல மட்டும் லேசா தடவு. காஞ்சதும் அடி."

"ஓரம்?"

"ஓரத்தை விட்டுடாதேடா! ஓரம்தான் முக்கியம்!"

"நீங்க நிம்மதியா வண்டி ஓட்டுங்க அத்தான். வர்றப்போ பேட் பளபளன்னு இருக்கும்."

பளபள! அந்தச் சொல்லிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே! நன்றி சொல்லிப் போனை வைத்தேனே!

தேர்வுக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் சுவரோரம் நின்றது மட்டை. நீல நிறத்தில்! கதவுக்கு அடிக்கும் நீலம், ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் நீலம், என் வயிற்றில் அடித்த நீலம்!

"என்னடா இது?"

"நீங்கதானே அத்தான் அடிக்கச் சொன்னீங்க? ஓரத்துக்குத் தனியா பிரைமர் போட்டு, மேல ரெண்டு கோட் ஏத்தியிருக்கேன். மழையிலே ஊறவெச்சாலும் உரியாது."

என் மனைவியைப் பார்த்தேன். "நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னதாச் சொன்னான். நீங்க எப்போ எங்கிட்ட கேட்டு ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க?"

மகள் உப்புத்தாளை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளும் மைத்துனனும் நானும் சேர்ந்து சுரண்டினோம். முகத்தில் எண்ணெய் இருந்ததால் பெயிண்ட் தோல் தோலாய் உரிந்தது. ஓரம்? வெட்கமே இல்லாமல் நீலமாய்ச் சிரித்தது. தொழில் சுத்தம், ஐயா! என் வீட்டுக் கதவுக்கு அடித்தபோது இந்தச் சுத்தம் எங்கே போயிருந்தது? பிறகு முகத்தை மட்டும் மரச்சுத்தியால் தட்டித் தட்டி ஒருவழியாகத் தேற்றினோம். ஓரம் நீலமாகவே களத்துக்குப் போனது.

தேர்வு ஆட்டம். முதல் பந்து ஓரத்தில் உரசிப் பறந்தது. நடுவர் ஐயா பந்தைக் கையில் வாங்கினார். சிவப்புப் பந்தில் நீலத் தீற்று!

"என்னம்மா இது?"

"எங்க மாமா கைவண்ணம் சார்."

மைதானமே சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பந்துல நீலம் ஏறினா இந்த பேட்டை வெளியே வெச்சிடணும்" என்றார். மற்ற மட்டைகள் எல்லாம் அவளுக்குப் பெரியவை, கனமானவை. மட்டை போனால் ஆட்டம் போச்சு; ஆட்டம் போனால் அணியில் இடம் போச்சு. என் பக்கத்தில் மைத்துனன் நகத்தில் ஒட்டிய நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அதன்பின் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள்! ஓரத்தில் பட்டால் போச்சு என்ற நிலையில் ஒரு பெண் என்ன செய்வாள்? வெளியே போகும் பந்தைத் தொட்டாளா? தொடவில்லை! அவசரப்பட்டு வீசினாளா? வீசவில்லை! பந்து வரும்வரை பார்த்தாள், பக்கத்தில் வரட்டும் என்று பொறுத்தாள், நடு மட்டையால், நடு மட்டையால், நடு மட்டையால் மட்டுமே ஆடினாள்! கடைசிவரை பந்தில் நீலம் ஏறவே இல்லை. அணியில் இடமும் கிடைத்தது! "இவ்வளவு நிதானமான ஆட்டத்தை யாரம்மா சொல்லிக்கொடுத்தது?" என்று பயிற்சியாளர் அம்மா கேட்டார். மூன்றாம் வரிசையில் இருக்கும் மேதை முந்திக்கொண்டு, "நான்தாங்க!" என்றான்.

இதைத்தான் தாங்க முடியவில்லை! பார்க்கிறவர்களிடம் எல்லாம் "அதுக்குன்னே ஓரத்துல நீலத்தை விட்டு வெச்சேன்" என்கிறான். தாய்மார்களே, தம்பி உள்ள பெண்ணைக் கட்டிய என் போன்றோர் யாரிடம் போய் முறையிடுவது?

முந்தாநாள் ஓரத்தையும் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டேன். மட்டை இப்போது மட்டை போல இருக்கிறது. ஆனால் நேற்றுப் பயிற்சியில் பார்த்தேன்: மகளுக்குப் பயம் விட்டுப்போய், பந்துக்குப் பந்து ஓரத்தில் வாங்குகிறாள். அடிப்பக்கக் கீறலும் அப்படி அவசரமாய் வீசித் தரையில் இடித்ததால் வந்ததுதான். காலையில் நான் பசை தடவும்போது மைத்துனன் வந்து நின்றான். "அத்தான், அடிச்சுத் தரவா?" என்றான். "பெயிண்ட் டப்பாவைத் தொட்டே, தொலைச்சிடுவேன்!" என்றேன். உங்கள் முன்னாலும் அதையே உரக்கச் சொல்கிறேன்: எண்ணெய் துளியாகட்டும், தட்டுவது மெதுவாகட்டும், ஈரத்தில் நிறுத்தாதீர்கள், பெயிண்டரிடம் பேசும்போது சொல்லைப் பார்த்துப் பேசுங்கள்!

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், போதும் என்று மணி அடிக்காத தலைவருக்கும் நன்றி. இதோ, பசையில்லாத கையால் இன்னொரு வணக்கம்.

கைதட்டலுக்கு நடுவே இறங்கி வந்து மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் நகத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்: ஓரத்துல மட்டும் ஒரு கோட் அடிச்சு வை, மாப்ளே.