துப்பாக்கிக்காரனுக்கு அளவெடுத்த கதை

– கிட்ட வாங்க ஏட்டையா, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. நீங்க இதுவரைக்கும் கேக்காத கதை ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. என் வீட்டுக்காரரை நம்பி இனிமே இந்தத் தையல் கடையைத் திறக்கலாமா, இல்ல இன்னையோட பூட்டிட்டு மக வீட்டுக்கே போயிடலாமா?

– அக்கா, அதாவது, முதல்ல அந்தத் துப்பாக்கி எங்க?

– அந்தா, வெட்டுத்துணிக் கூடையில கிடக்கு. நாங்க தொடலை.

– அதாவது... ஐயோ, இது நிஜத் துப்பாக்கிக்கா! உள்ள குண்டு இருக்கு!

– பின்ன, மிட்டாயா இருக்கும்? என்னங்க, கேட்டீங்களா?

– கேட்டேன்.

– அவ்வளவுதான் இவர் பேச்சு. வார்த்தையைக்கூட அளந்துதான் வெட்டுவார்.

– சரி டெய்லரண்ணே. துப்பாக்கியோட ஒருத்தன் வந்தா வெறுங்கையால எப்படித் தப்பிக்கறதுன்னு நான் வகுப்பு எடுத்தேனே, அது உதவிச்சா?

– அவரைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க. அவன் உள்ள வரும்போது என் கையில பெரிய கத்தரி இருந்துச்சு. நீங்க நடத்தினது வெறுங்கை வகுப்புதானே? கீழ வெச்சுட்டேன்.

– அக்கா!

– பாடத்தை மதிக்கறவ நான். கேட்டதைக் குடுத்துடு, உயிர்தான் பெருசுன்னீங்க. கல்லாவைத் திறன்னான். சாவியைத் தூக்கிப் போட்டேன். அது பாழாப்போக, மெஷினுக்கு அடியில உருண்டுடுச்சு. என்ன, விளையாடறியான்னு துப்பாக்கியை நீட்டிட்டான்.

– அண்ணே, நீங்க அப்ப எங்க இருந்தீங்க?

– கண்ணாடிகிட்ட.

– கண்ணாடிக்குப் பக்கத்துலேயே பின்வாசல்! வழி இருந்தா ஓடு, இல்லேன்னா துப்பாக்கிக் குழாய்க்கு நேரா நிக்காம ஒதுங்கு, வேற வழியே இல்லேன்னாதான் மணிக்கட்டைப் பிடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. வீட்டுல தினமும் பழகினோம். நான் வாழைப்பழத்தை நீட்டுவேன், இவர் ஒதுங்குவார். ஒதுங்கி ஒதுங்கி என் பூந்தொட்டி உடைஞ்சதுதான் மிச்சம். நிஜமா ஒருத்தன் வந்து நின்னா, பின்வாசலை விட்டுட்டு, நிதானமா நடந்து வந்து குழாய்க்கு நேரா நிக்கறார் ஏட்டையா! எதுக்கெடுத்தாலும் குறுக்க வந்து நிக்கறதே இவருக்குப் பொழப்பு. பெருக்கினா குறுக்க நிப்பார், டிவி பாத்தா குறுக்க நிப்பார்.

– அப்புறம்?

– கையைத் தூக்குடான்னான்.

– தூக்கினீங்களாண்ணே?

– இல்ல. நீங்க தூக்குங்க சார்னேன்.

– எதுக்கு?

– மார்பு அளவெடுக்க.

– கேட்டீங்களா கூத்தை! விடிஞ்சா அடைஞ்சா இவர் சொல்ற ஒரே வசனம் அதுதான். வாய் தானா சொல்லிடுச்சு. அவனும் என்ன பழக்கத்துலயோ ரெண்டு கையையும் தூக்கிட்டான். துப்பாக்கி மேல ஃபேனைப் பாக்குது! இவர் டேப்பைச் சுத்திட்டு, வயித்தை இழுக்காதீங்க சார், மூச்சு விடுங்கங்கறார்.

– முப்பத்தெட்டு.

– நானும் பாவி, மார்பு முப்பத்தெட்டு, அடுத்து தோளைச் சொல்லுங்கங்கறேன்!

– அதாவது, அவன் சும்மாவா நின்னான்?

– கொஞ்சம் லூசா வைங்கன்னான்! அதுக்கப்புறம்தான் மூணு பேருக்கும் உறைச்சுது.

– டேப்பை இறுக்கினேன். உதறினான். துப்பாக்கி கூடையில விழுந்துச்சு. ஓடிட்டான்.

– என் நல்ல டேப்போட!

– அதாவது, அண்ணே, ஆள் அடையாளம்?

– இடது தோள் ஒரு விரல் இறக்கம். வலது கை அரை விரல் கூடுதல் நீளம். எந்தச் சட்டை போட்டாலும் முதுகுல மடிப்பு விழும்.

– மூஞ்சி?

– மூஞ்சிக்கு அளவெடுக்கறதில்ல.

– இந்த லட்சணத்துல எந்தத் தைரியத்துல கடை நடத்துறது, சொல்லுங்க? ஒரு பாடத்துலயும் தேறல. தீர்ப்பைச் சொல்லுங்க ஏட்டையா, பூட்டை எடுத்து வெச்சிருக்கேன்.

– இருங்கக்கா. அதாவது, எனக்கு இடம் புரியணும். அவன் வாசல்ல. நீங்க?

– இதோ, மெஷின்ல.

– எழுந்திருக்காதீங்க. நான்தான் அவன்னு வெச்சுக்குங்க. சாவி உருண்டுடுச்சு, கோவத்துல விரலை நீட்டறேன். இந்த விரல் யாரைப் பாக்குது?

– ...என்னைத்தான்.

– கண்ணாடிகிட்டயே இருந்திருந்தா அண்ணன் மேல ஒரு தூசு பட்டிருக்காது. அண்ணே, நீங்க வந்து நின்ன இடத்துல நில்லுங்க.

– இங்க.

– இப்ப என்னக்கா தெரியுது?

– இவர் முதுகுதான் தெரியுது.

– பாடம் மறந்துடுச்சாண்ணே?

– மறக்கல. ஒதுங்கணும்னுதான் பாடம். இவளுக்கு முழங்கால் வலி. சட்டுனு ஒதுங்க வராது.

– அக்கா? இன்னும் தீர்ப்பு வேணுமா?

– ஏங்க, அந்தப் பூட்டை உள்ள வைங்க. புது டேப்பு அலமாரியில இருக்கு, எடுத்துக் கழுத்துல போட்டுக்குங்க. நாளைக்குக் குடுக்க வேண்டிய கோட்டு பாதியில கிடக்கு. ஏட்டையா, நீங்க நல்லபடியா வீடு போய்ச் சேருங்க. உங்க பிள்ளை குட்டி எல்லாம் நோய் நொடி இல்லாம இருக்கணும். உங்க வீட்டுலயும் எந்நாளும், இப்படிக் குறுக்க வந்து நிக்கற ஒரு முட்டாள் இருக்கணும்.