ஜன்னலில் தெரிந்த பலகை

என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது இருபது. பல்கலைக்கழகத்தில் இதழியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தகப்பனார் பேருந்து நடத்துனர். தாயார் இப்போது காவல் நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தொண்டு நிறுவனத்தின் முகநூல் பக்கத்தைக் கைப்பற்றிப் படங்களை அழித்ததாக என் மீது வந்துள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறைக்க நான் வரவில்லை.

மேற்படி நிறுவனம், கணவனின் அடி தாங்காமல் வெளியேறிய பெண்களுக்காக, இடம் வெளியே தெரியாமல் ஓர் இல்லம் நடத்துகிறது. அங்கே தகவல் தொடர்புப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இயக்குநரின் சான்றிதழ் இல்லாமல் எனக்குப் பட்டம் கிடையாது. படம் எடுப்பது, கீழே நாலு வரி எழுதுவது, பக்கத்தில் போடுவது என் வேலை. டீ வாங்கி வருவதும் தகவல் தொடர்புதான் என்று தொடர்பு அதிகாரி சொன்னதால் அதையும் செய்தேன்.

சென்ற வாரம் நன்கொடையாளர் விழாவுக்காக இல்லத்தின் தையல் வகுப்பைப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். பெண்களின் முகங்களை நானே மங்கலாக்கிப் பக்கத்தில் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள், நானும் தலைகால் புரியாமல்தான் இருந்தேன். அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்ததையும், எதிர்க்கட்டிடத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெயர்ப்பலகை அதில் பளிச்சென்று தெரிந்ததையும் நான் கவனிக்கவில்லை. எனக்கு மேலே இருந்து பார்த்துச் சரி சொன்னவர்களும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு படத்தின் கீழே ஒருவர், "இந்த டிரைவிங் ஸ்கூல் எங்க இருக்கு?" என்று கேட்டிருந்தார். இத்தனை பெண்கள் இருக்கும் படத்தில் பலகையை மட்டும் ஒருவர் விசாரித்ததால் அவர் யாரென்று தேடிப் பார்த்தேன். அவருடைய பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் படம் இருந்தது. அதை இல்லத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே தங்கியிருந்த, நாங்கள் தையலக்கா என்று கூப்பிடும் பெண், கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றியபடி பார்த்தார். "அவரு வண்டிதான்," என்றார். தன் கணவரைத்தான் சொன்னார்; அவர் கூரியர் வேலை பார்ப்பவர். ஊரில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. தையலக்கா நாடாவை முழுதும் சுற்றி முடித்து, பிரித்து, மறுபடியும் சுற்றினார்.

உடனே இயக்குநரிடம் போய்ப் படத்தை எடுத்துவிடலாம் என்றேன். அதே படம் விழா அழைப்பிதழிலும் அச்சாகிறது என்றும், இனி மாற்ற முடியாது என்றும் சொன்னார். "முகம்தான் தெரியலையேம்மா. எதுக்கு வீணா பதறுற?" என்றார். வெளியே வந்ததும் தொடர்பு அதிகாரி, "உனக்கு சர்டிஃபிகேட் வேணுமா வேணாமா?" என்று கேட்டார். வேண்டும் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு, என் மேசைக்குப் போய்ப் படத்தை அழித்தேன்.

மறுநாள் காலை படம் திரும்பவும் பக்கத்தில் இருந்தது. அதன் பிறகு அதை மீண்டும் அழித்து, அலுவலகக் கணினியில் இருந்த மூலப்படத்தையும் அழித்து, பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றினேன். யாரும் தூண்டவில்லை. என்னைத் திட்டியதற்குப் பழிவாங்கினேன் என்று புகாரில் இருப்பது பொய். திட்டு வாங்கிப் பழகியவள்தான் நான். வீட்டில் என் பட்டப்பெயரே வாயாடி.

அன்று மாலை தையலக்காவைப் பார்க்கப் போனபோது ஓட்டுநர் பள்ளிக்காரர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். "கூரியர்காரர் ஒருத்தர் வந்து, எதிர்ல இருக்கிறது லேடீஸ் ஹாஸ்டலான்னு கேட்டாரும்மா. தெரியாதுன்னுட்டேன்," என்றார். ஓடிப்போய் இல்லக் காப்பாளரிடம் சொன்னேன். அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இருட்டுவதற்குள் தையலக்காவை வேறிடத்துக்கு மாற்றினார். நானும் உடன் போனேன். தையலக்கா துணிமணிகளை ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். அளவு நாடா கழுத்திலேயே இருந்தது.

இன்று நிலையத்துக்கு வரும் வழியெல்லாம் என் தாயார், மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, படிப்புதான் முக்கியம் என்றே சொல்லி வந்தார். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அதைக் கேட்டதும், "அப்ப ஒரு வார்த்தையும் மாத்திச் சொல்லாத," என்றார்.

கடவுச்சொல்லைத் தர நான் மறுக்கவில்லை. அந்தப் படம் அழைப்பிதழிலோ வேறெங்குமோ வராது என்று இயக்குநர் எழுதிக் கொடுத்தால் இந்த மேசையிலேயே தருகிறேன். சான்றிதழ் கிடைக்காது என்பது தெரியும். அதற்கு வருத்தம் உண்டு. செய்ததற்கு வருத்தம் இல்லை.

தையலக்காவையும் சாட்சியாக விசாரிக்க வேண்டும், தற்போது இருக்கும் முகவரியைச் சொல் என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். இதன் நகல் யார் யாருக்குப் போகும் என்று கேட்டேன். புகார் கொடுத்த இயக்குநருக்கும் போகும் என்றார். தையலக்கா இங்கே வந்து தானே பேசுவார், நானே அழைத்து வருகிறேன், முகவரியை மட்டும் சொல்ல மாட்டேன் என்றேன்.

எழுதியதை ஆய்வாளர் அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது. சாட்சியின் முகவரி என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருப்பதை என் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)