கால்மாட்டுக்கு அந்தப் பக்கம்

மனைவி: …நெளியாம இருங்க. ஒரு பட்டன் போடறதுக்குள்ள ஒம்போது தடவை நெளியறீங்க.

கிரேன்காரர்: சட்டை தொளதொளன்னு கெடக்கு. யாரோட சட்டை இது?

மனைவி: உங்க சட்டைதான். உள்ள இருந்த ஆளுதான் பாதியாயிட்டார்.

கிரேன்காரர்: முப்பத்தி ரெண்டு நாள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு…

மனைவி: அதுல பத்தொம்பது நாள் எங்க சாப்பிட்டீங்க? எல்லாம் மூக்குக் குழாயில போச்சு. கையைத் தூக்குங்க. மணி என்ன ஆச்சு?

கிரேன்காரர்: சுவத்துல கடிகாரம் இருக்கே, பாரேன்.

மனைவி: நீங்க பாருங்க. கண்ணாடி போட்டிருக்கறது நீங்கதானே.

கிரேன்காரர்: …பத்து இருக்கும்.

மனைவி: இருக்குமா?

கிரேன்காரர்: பத்துதான். சுமாரா. உன் கண்ணாடி எங்க?

மனைவி: பையில இருக்கு. போட்டா தலைவலி வருது.

கிரேன்காரர்: ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஃப்ரேம்னு ஆசை ஆசையா வாங்கினோம்…

மனைவி: ஆசையா? ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டிருந்தான். அதுக்குப் பேரு ஆசையா?

கிரேன்காரர்: சரி, இலவசமா வந்ததையாவது போடலாமில்ல. முந்தாநாள் போடாமப் போய் என்ன பண்ணினே? எதிர் ரூமுக்குள்ள நுழைஞ்சு…

மனைவி: ஆரம்பிச்சுட்டீங்களா?

கிரேன்காரர்: யாரோ ஒரு பெரியவருக்குக் கால் மணி நேரம் காலைப் பிடிச்சு விட்டிருக்கே.

மனைவி: தலை வரைக்கும் போர்வையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்?

கிரேன்காரர்: அந்த ஆளும் ஒண்ணும் சொல்லலையே!

மனைவி: சொன்னாரே. நாளைக்கும் வாங்கன்னார்.

கிரேன்காரர்: ஐயோ… சிரிக்க வைக்காதே. தையல் இழுக்குது.

மனைவி: இழுக்கட்டும். நல்லாச் சிரிங்க. இந்தச் சத்தத்தைத் திரும்பக் கேப்பனான்னு இருந்தேன் நான்.

கிரேன்காரர்: இந்தக் கண்ணாடி வேற நெத்திப் பொட்டுல அழுத்துது.

மனைவி: முகம் ஊதியிருக்கு. சரியாயிடும்.

கிரேன்காரர்: இப்பத்தானே பாதியாயிட்டேன்னே. முகம் மட்டும் எப்படி ஊதும்?

மனைவி: மருந்து… மருந்து அப்படித்தான் செய்யும். கேள்வியாக் கேட்டுக்கிட்டு! இந்தக் கேள்வியெல்லாம் வயித்து வலி வந்தப்பக் கேட்டிருக்கணும். நாலு நாளா வாயு, வாயுன்னு…

கிரேன்காரர்: வாயு மாதிரிதான் இருந்துச்சு.

மனைவி: குடல்வால் உள்ளயே வெடிச்சு, விஷம் ரத்தம் பூரா கலந்து, ஆபரேஷன் பண்ணி, மூச்சுக்கு மெஷின் வெச்சாங்க. உங்களுக்கு அது வாயு.

கிரேன்காரர்: சரி, அந்தப் பூஞ்சைக் கதையைச் சொல்லு.

மனைவி: எத்தனை தடவைங்க சொல்றது?

கிரேன்காரர்: நான்தான் அங்க இல்லையே. படுத்துத்தானே இருந்தேன். சொல்லு.

மனைவி: ஒம்போதாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. நான் கேட்ல நின்ன வாட்ச்மேன் கிட்டக்கூடச் சொன்னேன். பத்தாம் நாள் காலையில பாத்தா நூத்தி மூணு. மருந்தை மாத்தறாங்க, இன்னொண்ணு மாத்தறாங்க… எதுக்கும் மசியல. பெரிய டாக்டர் என் முகத்தையே பாக்காமப் பேசினார்.

கிரேன்காரர்: ம்.

மனைவி: உங்க ரத்தத்தை எடுத்து லேப்புல பாட்டில்ல வெச்சு, ஏதாவது வளருதான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. மூணாம் நாள் லேப்புல இருந்து ஒரு பொண்ணு. போனை யாரும் எடுக்கலைன்னு நாலு மாடி ஏறி ஓடி வந்தா. மூச்சு வாங்குது அவளுக்கு. “டாக்டர், இது பாக்டீரியா இல்ல. பூஞ்சை”ன்னா.

கிரேன்காரர்: பழைய ரொட்டியில பூக்குமே, அதுவா?

மனைவி: நானும் அதைத்தான் கேட்டேன். மனுஷன் ரத்தத்துல எப்படிங்க பூஞ்சை பூக்கும்னு. அது வேற ஜாதியாம். நம்ம எல்லார் வயித்துலயும் சாதுவா இருக்கறதாம். இத்தனை மருந்து போட்டதுல மத்த கிருமியெல்லாம் காலி. கேக்க ஆளில்லாத வீட்டுல பூந்த மாதிரி ரத்தத்துல பூந்து, கழுத்துல போட்ட குழாயில போய் உக்காந்துக்கிச்சு.

கிரேன்காரர்: குழாயை எடுத்துட்டாங்க…

மனைவி: எடுத்து, வேற பக்கம் புதுசு போட்டு, பூஞ்சைக்குன்னு தனி மருந்து. நாலாம் நாள் நூத்துக்குக் கீழ. அந்தத் தெர்மாமீட்டரைக் கும்பிட்டேங்க நான். சிஸ்டர் சிரிச்சுட்டாங்க.

கிரேன்காரர்: அப்புறம் கண் டாக்டர் எதுக்கு வந்தார்?

மனைவி: அது ரத்தத்தோடயே கண்ணுக்கும் போகுமாம். அதுக்காக.

கிரேன்காரர்: போனா?

மனைவி: போகல. நீங்க மயக்கத்துல இருந்தப்பவே ஒரு தடவை பாத்துட்டாங்க. நேத்து ரெண்டாம் தடவை. இன்னிக்கு ரிப்போர்ட் வந்துடும்.

கிரேன்காரர்: போனா என்ன ஆகும்னுதான் கேட்டேன்.

மனைவி: ஏன் கேக்கறீங்க?

கிரேன்காரர்: சும்மா.

மனைவி: …பார்வை மங்குமாம். சில பேருக்கு மொத்தமாப் போயிடுமாம். அதெல்லாம் எதுக்கு இப்போ? உங்க ஹார்பர் சூப்பர்வைசர் போன் பண்ணினார்.

கிரேன்காரர்: என்னவாம்?

மனைவி: புது ஆளு கிரேன்ல ஏறின மூணே நாள்ல ரெண்டு கண்டெய்னரை நசுக்கிட்டானாம்.

கிரேன்காரர்: நாப்பது மீட்டர் மேல உக்காந்து, கீழ இருக்கற பெட்டியோட நாலு மூலைக் குழியிலயும் கொக்கியை எறக்கணும். விளையாட்டா?

மனைவி: அதையேதான் சொன்னார். “அவர் கண்ணு மாதிரி வராதும்மா, சீக்கிரம் அனுப்பி வைங்க”ன்னார்.

கிரேன்காரர்: …அப்படியா சொன்னார்?

மனைவி: பெருமையா இருந்துச்சு எனக்கு. அதோ, வந்துட்டாங்க. வாங்க டாக்டர்!

நர்ஸ்: நான் நர்ஸும்மா. பிரமோஷன் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி.

மனைவி: ஐயோ, சிஸ்டரா! வெள்ளையாத் தெரிஞ்சுச்சு, அதான்…

நர்ஸ்: இருக்கட்டும், இருக்கட்டும். என்ன ஐயா, மாப்பிள்ளை மாதிரி கெளம்பிட்டீங்க? கண் ரிப்போர்ட் வந்தாச்சு. ரெண்டு கண்ணும் சுத்தம். பூஞ்சை எட்டிக்கூடப் பாக்கல.

மனைவி: அப்பாடா! கேட்டீங்களா? சுத்தமாம்!

கிரேன்காரர்: …கேட்டேன்.

நர்ஸ்: என்ன ஐயா இது? இந்தச் சேதிக்கு ஒவ்வொருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. நீங்க பஸ் போயிட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?

கிரேன்காரர்: இல்ல, சந்தோஷம்தான். கெளம்பலாமா?

நர்ஸ்: ஒரே ஒரு வேலை பாக்கி. நேத்து சொட்டு மருந்து விட்டிருந்ததால டாக்டரால உங்களைப் படிக்க வைக்க முடியல. ரத்தத்துல பூஞ்சை வந்தவங்க யாரா இருந்தாலும், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அதோ, அந்தப் போர்டைப் படிச்சுக் காட்டணும். எங்க வார்டு வழக்கம். இங்க இருந்தே படிங்க.

கிரேன்காரர்: அவ்வளவுதானே? “கைகளைக் கழுவாமல் நோயாளியைத் தொடாதீர்கள். பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. சத்தம் போட்டுப் பேச வேண்டாம்.” போதுமா?

மனைவி: கடகடன்னு படிச்சுட்டார் பாருங்க சிஸ்டர்!

நர்ஸ்: ரொம்ப நல்லாப் படிச்சீங்க ஐயா. ஒரு எழுத்து பிசகல. ஆனா அதை நான் காலையில ஆறு மணிக்கே அழிச்சுட்டேனே.

கிரேன்காரர்: அழிச்சுட்டீங்களா?

நர்ஸ்: இப்ப அங்க நாலே வார்த்தைதான் இருக்கு. ஏம்மா, நீங்களாவது சொல்லக் கூடாதா?

மனைவி: நான்… நான் கவனிக்கல சிஸ்டர்.

நர்ஸ்: யாரு ஐயா உங்களுக்கு மனப்பாடம் பண்ணிக் குடுத்தது?

கிரேன்காரர்: ஆறாம் கட்டில் அண்ணன். அவரைத் திட்டாதீங்க. பொழுது போகல, படிச்சுச் சொல்லுங்கன்னேன்.

மனைவி: என்னங்க இது? எதுக்கு…

கிரேன்காரர்: தெரியலம்மா.

மனைவி: என்ன தெரியல?

கிரேன்காரர்: எதுவும் தெரியல. கட்டிலோட கால்மாட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாமே பனி விழுந்த மாதிரி இருக்கு. போர்டு இல்ல, கடிகாரம் இல்ல. நீ கதவுகிட்ட நின்னா ஒரு புடவை நிக்குது, அவ்வளவுதான். கிட்ட வந்தாத்தான் உன் முகம்.

மனைவி: எத்தனை… எத்தனை நாளா?

கிரேன்காரர்: முழிச்ச நாளா. பதிமூணு நாள். முதல்ல அசதின்னு நெனச்சேன். அப்புறம் கண் டாக்டர், பூஞ்சைன்னு நீங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

நர்ஸ்: நேத்து டாக்டர் கேட்டாரே, மங்குதான்னு?

கிரேன்காரர்: இல்லைன்னுட்டேன்.

நர்ஸ்: பொய் சொல்ற இடமா ஐயா இது? வேற எதுல வேணா சொல்லுங்க!

கிரேன்காரர்: சொன்னா வேலை போயிடும். கண்ணு இல்லாதவனை எவன் கிரேன்ல ஏத்துவான்? அதைக்கூட விடுங்க. முப்பது நாளா இவ தூங்கல. காய்ச்சல் விட்டப்ப சிரிச்சாளாம், மறுநாளே பிடுங்கிக்கிச்சு. இப்பத்தான் மறுபடி சிரிக்கறா. இந்தத் தடவை நானே பிடுங்கணுமா?

நர்ஸ்: இங்க பாருங்க ஐயா. பூஞ்சை கண்ணுக்குள்ள போயிருந்தா, வெளிச்சம் அடிச்சுப் பாக்கறப்ப வெள்ளை வெள்ளையா அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க பொய் சொன்னாலும் உங்க கண்ணு சொல்லிடும். ரெண்டு கண்ணையும் அரை மணி நேரம் பாத்திருக்கார். உள்ள ஒண்ணுமே இல்ல.

கிரேன்காரர்: சத்தியமா?

நர்ஸ்: எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கார். அந்தப் போர்டுல என்ன இருக்குன்னாவது தெரிஞ்சுக்கோங்க. “ஏழாம் கட்டில் இன்று வீட்டுக்கு.” உங்க கட்டில்தான்.

கிரேன்காரர்: அப்ப ஏன் எனக்கு மங்குது? உள்ள ஒண்ணும் இல்லைன்னா… ஏய், நீ ஏன் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நிக்கறே? அழறியா, சிரிக்கறியா?

மனைவி: ரெண்டும்தான்… திட்ட மாட்டேன்னு சொல்லுங்க.

கிரேன்காரர்: எதுக்குத் திட்டணும்?

மனைவி: ஏற்கெனவே ரெண்டு தடவை அதும்மேல உக்காந்து உடைச்சதுக்கு ரெண்டு ரெண்டு நாள் பேசாம இருந்தவராச்சே நீங்க.

கிரேன்காரர்: எதும்மேல? என்ன சொல்றே நீ?

மனைவி: ஆம்புலன்ஸ்ல மூணாவது தடவையும் உக்காந்துட்டேங்க. சுக்கு நூறாப் போச்சு. நீங்க முழிச்சதும் தொண்டையில குழாயோட, முதல் வேலையா ரெண்டு விரலைக் கண்ணுகிட்ட வெச்சு, கண்ணாடி எங்கன்னு சைகை காட்டினீங்க. எனக்கு அப்ப இருந்த சந்தோஷத்துல, பயத்துல என்ன பண்றதுன்னே தெரியல. கடைக்குப் போகலாம்னா உங்களை விட்டு ஒரு அடி நகர மனசு வரல. அதான் என் மூக்குல இருந்ததைக் கழட்டி உங்க மூக்குல மாட்டிட்டேன்… பதிமூணு நாளா நீங்க போட்டிருக்கறது என் கண்ணாடிங்க.