துவைக்கக் கூடாத சட்டை

...துவைக்கிறவன் துவைச்சுட்டான்! இதுல என்னம்மா குத்தம்? நீங்களே சொல்லுங்க. வாசல்ல பலகையில என்ன எழுதியிருக்கு? சலவைன்னு எழுதியிருக்கு. டாக்டரு ஊசி போட்டா யாராவது ஏன் போட்டேன்னு சண்டைக்கு வர்றாங்களா? என்கிட்ட மட்டும் வர்றாங்க. காலங்காத்தால ஃபோனு. "பெரியவரே, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க!" யாருன்னு நெனைக்கிறீங்க? டைரக்டரு. மூக்குக்கண்ணாடியத் தலை மேல ஏத்தி வெச்சுக்கிட்டு கண்ணாடி எங்கன்னு தேடற ஆளு. அவரு என்னைக் கேக்கறாரு.

உக்காருங்கம்மா. அந்த ஸ்டூலு கொஞ்சம் ஆடும், விழாது. உங்க கோட்டுதான் இது, எடுத்துட்டேன். இஸ்திரி சூடாகணும்ல? இன்டர்வியூவா? எப்போ? அட, மத்தியானத்துக்கு மேலதானா! நேரம் கெடக்கு, உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆங், சட்டை.

நீங்க சீரியல் பாப்பீங்களா? பாக்க மாட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் யாருதான் பாக்கறாங்களோ தெரியல, வருஷக்கணக்கா ஓடுது. சாயங்காலம் ஒண்ணு வருதே, பெரிய வீடு, மூணு பசங்க, யாரு என்ன பேசணும்னாலும் மாடிப்படியில நின்னுக்கிட்டுத்தான் பேசுவாங்களே, அது. பாத்தீங்களா, தெரியுது உங்களுக்கு! அந்த சீரியல் துணி மொத்தமும் நம்ம கடையிலதான் தொங்கும். அவங்க ஆபீஸ்ல இடம் இல்ல. அங்க துணிமணிக்குப் பொறுப்பு நம்ம மாப்ள. யாரு எந்த சீனுக்கு எதைப் போடணும், எது கசங்கியிருக்கணும், எதுல கறை இருக்கணும், எல்லாம் அவருதான்.

மாப்ளன்னா, பொண்ணக் கட்டினவரு இல்லம்மா. எனக்குப் பொண்ணே கெடையாது. ஒரே பையன். அவன்கூட வாழறவரு. ஆமா, ஆம்பளதான். ஏன், ஸ்டூலு ஆடுதா? ...ஓ, சிரிக்கிறீங்களா. சிரிங்க, சிரிங்க. கூப்பிட ஒரு வார்த்த வேணும்ல? மருமகளேன்னு கூப்பிடலாம்னா மீசை இருக்கு. தம்பின்னு கூப்பிட்டா என் பையனுக்குச் சித்தப்பா ஆயிடறாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டா வேத்து ஆளு மாதிரி இருக்கு. யோசிச்சு யோசிச்சுப் பாத்து, ஒருநாள் வாசல்ல வந்து நின்னவர "வாங்க மாப்ள"ன்னுட்டேன். அவ்ளோதான், என் பையன் விறுவிறுன்னு சமையக்கட்டுக்குள்ள போயிட்டான். ரொம்ப நேரம் வெளிய வரல. என்னடான்னு கேட்டா வெங்காயம் நறுக்கறேங்கறான். அன்னைக்கு வீட்ல வெங்காயமே இல்லம்மா!

சரி, கதைக்கு வர்றேன். அந்த மூணு பசங்கள்ல கடைசி ஆளு இருக்கான்ல, சின்னவன். பேங்க்ல வேல. அவனும் நம்ம பையன் மாதிரிதான், ஒரு பாட்டு வாத்தியாரோட பழகறான். அடேங்கப்பா, நம்ம வீட்டுக் கதைகூட டிவில வருதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். மூணு பேரும் வரிசையா உக்காந்து பாப்போம். அந்தச் சின்னவன் நல்லா சிரிக்க வைப்பான்மா. படியில நின்னு பேசாம, எறங்கி வந்து பேசற ஒரே ஆளு அவன்தான்.

ஆனா பாருங்க, ஒருநாள் அவனும் வாத்தியாரும் கையப் புடிச்சாங்க. லேசா, இப்படி. உடனே கேமரா எங்க போச்சு? பூ ஜாடிக்கு! அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் பூ ஜாடிதான். நான் பூவை எண்ணியே முடிச்சுட்டேன். சரி, குடும்பத்தோட பாக்கற சீரியல், கூச்சப்படறாங்க போலன்னு விட்டுட்டேன். நேத்து வந்துச்சு பாருங்க அடிக்கிற சீனு! நாலு ரவுடிங்க சின்னவன மறிச்சு, 'நீயெல்லாம் ஆம்பளயா'ன்னு கேட்டு அடிக்கறாங்க. அப்போ எங்க போச்சு பூ ஜாடி? ஓங்கற கைய மேல இருந்து ஒரு தடவ, கீழ இருந்து ஒரு தடவ, பக்கவாட்டுல ஒரு தடவ. நடுநடுவுல வீட்ல இருக்கற ஒவ்வொருத்தர் மூஞ்சியும். சம்பந்தமே இல்லாத தோட்டக்காரன் மூஞ்சிகூட! கையப் புடிச்சா குடும்பம் பாக்கக் கூடாது, கைய ஒடைச்சா மட்டும் பாக்கலாமா?

அப்புறம் அதென்ன, எப்பப் பாத்தாலும் மழையிலயே அடிக்கறாங்க? இதுக்கு முன்னாடி வேற ரெண்டு சீரியல்ல பாத்துட்டேன், அங்கயும் மழை, சந்து, இருட்டு. அடிக்கிறவனுக்குக் கன்னத்துல தழும்பு, பரட்டத் தல. இவனுங்கள எங்கேர்ந்துதான் புடிக்கறாங்களோ. என் பையன அடிச்சது பட்டப்பகல்ல. நல்ல வெயிலு. டிக்கெட் எடுக்கற வரிசையில மாப்ளயும் அவனும் நின்னுக்கிட்டு ஏதோ பேசிச் சிரிச்சிருக்காங்க, அவ்ளோதான். பின்னாடி நின்னவன் அடிச்சான். சுத்தி இருந்தவங்க யாரும் நகரல. நகந்தா வரிசையில எடம் போயிடும்ல! அடிச்சவன போலீஸ் ஸ்டேஷன்ல பாத்தேன். தழும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வழவழன்னு சவரம் பண்ணி, வெள்ளச் சட்ட, காலரு அப்படியே வெறச்சு நிக்குது. நல்ல இஸ்திரிம்மா. பக்கத்துல போய் உத்துப் பாத்தேன், நம்ம கடை இஸ்திரி இல்ல. நம்மளுதா இருந்திருந்தா அன்னைக்கே கடைய மூடியிருப்பேன்.

இல்ல இல்ல, மொகத்த அப்படி வெச்சுக்காதீங்க. இப்ப நல்லா இருக்கான். ஒரே ஒரு பல்லு மட்டும் கட்டினது. என் வாயிலயே அதுதான் அழகான பல்லுன்னு அவனே சொல்லிக்கறான்.

இருங்க, காலரத் திருப்பிக்கறேன். ...

இனிமே என்ன வரப்போகுதுன்னு மாப்ள சொன்னாரு. கேளுங்க இந்தக் கொடுமைய. சின்னவன் ஆஸ்பத்திரியில. தலையில இவ்ளோ பெரிய கட்டு. அவ்ளோதான், அவனுக்கு இனி வசனம் கெடையாது. அத்தனை நாளு சிரிக்க வெச்ச பையன் இப்போ ஒரு தலையணை மாதிரி கெடப்பான். அம்மா அழுவாங்க, அத்தை அழுவாங்க, தோட்டக்காரன் அழுவான். பாட்டு வாத்தியாரு கண்ணாடிக் கதவுக்கு வெளியவே நிப்பாரு, உள்ள விட மாட்டாங்க. அந்த நேரத்துல அடிச்சவனுக்கு ஒரு தனிக் கதை ஓடும். சின்ன வயசுல அவங்க அப்பா சைக்கிள் வாங்கித் தரலையாம். எனக்குந்தான் வாங்கித் தரல! நான் யாரப் போய் அடிச்சேன்? அப்புறம் அவன் திருந்துவான். வந்து கட்டில் பக்கத்துல நிப்பான். சின்னவன் மன்னிப்பான், அதுவும் கண்ணால. வாயத் தொறக்க விட மாட்டாங்க. அப்புறம் என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க? சின்னவன வெளியூருக்கு அனுப்பிருவாங்க. திருந்தினவன் சீரியல்லயே இருப்பான்! படியில நின்னு பேசறதுக்கு ஒரு ஆளு கெடைச்சுட்டான்ல.

எல்லாத்தையும்கூடப் பொறுத்துக்கலாம். சின்னவனோட அப்பன்காரன் இருக்கானே, அவனத்தான் என்னால தாங்க முடியல. இந்த விஷயம் தெரிஞ்சதும் பையன வெளிய போடான்னவன். இப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவான். நர்ஸம்மா ஒரு கவரக் குடுப்பாங்க. தொறந்தா ரத்தச் சட்ட. அத மொகத்துல பொத்திக்கிட்டு "மகனே!"ன்னு கதறுவான். பாசம் பொங்கிரும். ஏம்மா, புள்ள அடி வாங்கிட்டு வந்தாத்தான் அப்பனுக்குப் புத்தி வருமா? எங்க தெருவுலயும் அப்படித்தான் பேசிக்கறாங்க. பையன் அடிபட்டு வந்ததும் கெழவன் எறங்கி வந்துட்டான்னு. யாரு யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும், அவங்க வீட்டுத் துணியெல்லாம் இப்போ நான் கடைசியாத்தான் போடறேன்.

சுத்தப் பொய்யி அது. நான் எப்போ ஒத்துக்கிட்டேன் தெரியுமா? மாப்ள மொத மொத இந்தக் கடைக்கு வந்தாரு. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். அவரு சும்மா உக்காரல, இதோ இந்த மேசையில கெடந்த சட்ட ஒண்ண எடுத்து மடிச்சாரு. அப்படி ஒரு மடிப்பும்மா! காலர் அசையல, கை ரெண்டும் முதுகுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு, பட்டனு வரிசை நேரா ஒரு கோடு. இந்தக் கைய நம்பிப் பையனக் குடுக்கலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். வெளிய சொல்லல, அவ்ளோதான். அதுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் அந்த டிக்கெட் வரிசை.

சட்டைக்கு வர்றேம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்த ரத்தச் சட்டயக் கவர்ல போட்டு மாப்ள குடுத்துட்டுப் போனாரு. "மாமா, இதத் தொடாதீங்க. கறை எங்க இருக்கோ அங்கயே இருக்கணும். நாளைக்கு ஆஸ்பத்திரி சீனு"ன்னாரு. நானும் சரின்னேன். எனக்கென்ன புதுசா? சேறு, காப்பி, சாம்பாருன்னு எத்தனையோ கறைய அப்படியே காப்பாத்திக் குடுத்திருக்கேன். ஆனா மனுஷன் தானே? வெள்ளத் துணியோட வெள்ளத் துணியா மெஷினுக்குள்ள போயிருச்சு. காலையில மாப்ள வந்து பாக்கறாரு, பால் மாதிரி வெளுத்து, இஸ்திரி போட்டு, தொங்குது!

இன்னொரு சட்ட இருக்குமேன்னு கேக்கறீங்களா? புத்திசாலிம்மா நீங்க, வேல கெடைச்சுரும். இருக்கும். எப்பவும் ஒரே மாதிரி ரெண்டு வாங்குவாங்க. அந்த ரெண்டாவது சட்ட முதுகுல போன வாரம் இஸ்திரிப் பெட்டி முழுசா பதிஞ்சுருச்சு. அது என் தப்பு இல்ல. பக்கத்துக் கடிகாரக் கடைக்காரன் தப்பு. என் ஏணிய எரவல் வாங்கிட்டுப் போய் ஒரு படிய ஒடைச்சுக் குடுத்தவன். எப்பவோ நடந்தது. போன வாரம் திடீர்னு ஞாபகம் வந்துச்சு, ஃபோன் போட்டுத் திட்டினேன். கையில பெட்டி இருந்தத மறந்துட்டேன்.

மாப்ள சாயத்த எடுத்து அதே எடத்துல தெளிச்சுப் பாத்தாராம், நேத்து டிவில வந்த மாதிரி அமையலையாம். ஷூட்டிங் நின்னுருச்சு. சின்னவன் பனியனோட உக்காந்திருக்கானாம். மாப்ளய ஆபீஸுக்குள்ள கூப்பிட்டுக் கதவச் சாத்திட்டாங்க. அப்போலேர்ந்து தகவலே இல்ல. அதான் நானும் உங்ககிட்ட ஏதோ பேசிக்கிட்டு...

இருங்க, ஃபோனு. பையன்தான்.

சொல்லுடா. ...ஆங். ...என்னது? மாப்ளதான் துவைக்கச் சொன்னாராமா? ...அவரே அப்படிச் சொன்னாரா? "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன், மாமா மேல தப்பு இல்ல"ன்னா? ...பொய்யின்னு எனக்குத் தெரியும்டா, என்கிட்ட ஏன் கத்தற? ...வேலய விட்டு நிறுத்தறாங்களா? இப்பவேவா? ...சாமானையெல்லாம் பெட்டியில எடுத்து வெச்சுக்கிட்டு இருக்காரா? ...வேற என்ன சொன்னாரு? "அவருக்கு வயசாயிருச்சு"ன்னா? யாருக்குடா வயசாயிருச்சு? ...வையி. வையின்னேன்ல.

...

ஏம்மா.

மெஷினுக்குள்ள போயிருச்சுன்னு சொன்னேன்ல. போகல. நான்தான் கவரத் தொறந்து எடுத்தேன். கையாலதான் துவைச்சேன். பச்சத் தண்ணி ஊத்தி, கொஞ்சம் கொஞ்சமா. அது ரத்தம் இல்லன்னு எனக்குத் தெரியாதா? சக்கரப் பாகும் சாயமும். பிசுபிசுன்னு ஒட்டும். நெசமானதாவது சீக்கிரம் போயிரும்.

நேத்து அந்த சீன் ஓடறப்போ பையன் எழுந்து பால்கனிக்குப் போயிட்டான். மாப்ளயும் பின்னாடியே போயிட்டாரு. நான் மட்டும் உக்காந்து பாத்தேன். டிவிய நிறுத்திட்டு இங்க வந்தா, இதோ உங்க தலைக்கு மேல கம்பி இருக்குல்ல, அதுல அந்தச் சட்ட தொங்குது. யாரோ ஒருத்தர் கோட்டுக்கும் யாரோ ஒருத்தர் கவுனுக்கும் நடுவுல. என் கடையில. என்னமோ தாங்கல. இதுல மொகத்தப் பொத்திக்கிட்டு எவனும் நடிக்க வேணாம்னு தோணுச்சு. துவைச்சுட்டேன்.

அந்த மனுஷன் எனக்காகப் பொய் சொல்லிட்டு நிக்கறாரு.

இல்ல, நான் போறேன். போய்ச் சொல்லிடறேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்ல, அதான் ஒரு மாதிரி இருக்கு. நீங்கதான் டைரக்டருன்னு வெச்சுக்கோங்க, சொல்லிப் பாக்கறேன். 'ஐயா, நான் தெரிஞ்சேதான் துவைச்சேன். மாப்ளக்கு ஒண்ணும் தெரியாது, அவர வேலய விட்டு அனுப்பாதீங்க. வேணும்னா துணிய வேற கடைக்குப் போடுங்க. ஆனா சட்ட சுத்தமாத்தானே இருக்கு? அதப் போட்டுக்கிட்டு அந்தப் பையன் வீட்டுக்கு வரட்டும். சாப்பாட்டு மேசையில வாத்தியாரு பக்கத்துல உக்காரட்டும். என்ன நடந்துச்சுன்னு அவன் வாயாலயே சொல்லட்டும், நாலு பேரு கேக்கட்டும். நடுவுல ஒரு ஜோக்கும் அடிக்கட்டும், அடிபட்டவன் சிரிக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க? அந்த அப்பன்காரனப் பரிமாறச் சொல்லுங்க, சும்மா கத்தறதுக்குப் பதிலா...'

நீளமாப் போயிருச்சோ? மன்னிப்பு எங்கயுமே வரலையா அதுல? அட ஆமா. போற வழியில எங்கயாவது சேத்துக்கறேன்.

நீங்க எங்க எழுந்துட்டீங்க? இருங்கம்மா, கோட்டுல வலது கை மட்டுந்தான் பாக்கி. இந்தாங்க பெட்டி, நீங்களே போட்டுக்கோங்க. மெதுவா, ஒரே பக்கமா இழுங்க. பாத்தீங்களா, வருது! யாராவது வந்து கேட்டா, பெரியவரு மன்னிப்புக் கேக்கப் போயிருக்காருன்னு சொல்லுங்க. நம்ப மாட்டாங்க. பரவால்ல, சொல்லுங்க.