குகை வாசலில் கைடு சொன்னது

வீட்டில் என்னைச் சின்னவன் என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்தேழு. இருப்பது ஒரு தீவில், படகுத்துறைக்கு எதிரே உள்ள டைவிங் கடையின் பின்னறையில். இன்றைக்கு நல்ல வெயில். கழுவிப் போட்ட ரப்பர் உடைகள் சாயந்திரத்துக்குள் காய்ந்துவிடும். எழுத எனக்குப் பொறுமை இல்லை, அதனால் பேசுகிறேன், ஃபோன் எழுதிக்கொள்கிறது. அப்பாவுக்குக் கண் சரியில்லை. அம்மாவோ பெரியப்பாவோ, யார் கையில் முதலில் கிடைக்கிறதோ அவர்கள் படியுங்கள்.

விடுமுறைக்கு வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மரியாதையும் கிடையாது. வீட்டுக் கூரையில் பல்லியைப் பார்த்தால் அலறுகிறவர்கள் இங்கே வந்ததும் கடலுக்கடியில் குகை பார்க்க வேண்டும் என்பார்கள். ரப்பர் உடைக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைவார்கள், நான் பின்னால் நின்று ஜிப்பை இழுத்துவிடுவேன். வருஷக்கணக்காக இந்த முதுகுகளைப் பார்த்ததில் மனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாகிவிட்டது.

அத்தானும் அந்த முதுகுகளில் ஒன்றுதான்.

நான் இங்கே மேனேஜர் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் உடைகளைக் கழுவுகிறேன், டேங்குகளில் காற்று நிரப்புகிறேன். நம் பாஷைக்காரர்கள் வந்தால் மொழிபெயர்க்கிறேன். தண்ணீருக்கடியில் கூட்டிப்போகிற கைடுக்கு இந்தத் தீவின் பாஷை மட்டும்தான் தெரியும். அவர் சொல்வது என் வாய் வழியாகப் போகும், இவர்கள் கேட்பது என் வாய் வழியாக வரும். நடுவில் ஓர் ஆள் நிற்கிறான் என்பதை இரண்டு பக்கமும் மறந்துவிடுவார்கள். தண்ணீர் வரும்போது குழாயை யார் பார்க்கிறார்கள்.

அக்காவும் அத்தானும் வரப்போவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். நான் வாளிக்குள் கைவிட்டு யாரோ போட்டுக் கழற்றிய காலுறைகளை அலசிக்கொண்டிருந்தேன். அத்தான் வாசலிலேயே நின்று ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்.

"ஏய், இங்க வா. ஒந்தம்பி மேனேஜர்னு சொன்னான், எதுக்கு மேனேஜர்னு நாமதான் கேக்கல. வாளிக்கு மேனேஜர்" என்றார்.

"சும்மா இருங்க. அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு பாருங்க" என்றாள் அக்கா. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"எதுக்கு மச்சான் சுண்டுது? நான் கடை வச்ச புதுசுல பெயிண்ட் டப்பாவ நானே தொடச்சு அடுக்குவேன். இங்க முடியலன்னா வந்துடு. நம்ம கல்லாவுல உக்காரு. ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்."

சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் குந்தி அவரும் அலச ஆரம்பித்தார். தண்ணீரை எல்லாம் தன் மேலேயே தெளித்துக்கொண்டார். அவர் நல்லவர் என்று நீங்கள் சொல்வீர்கள். நல்லவர்தான். ஒருவன் நாலு வருஷமாகக் கட்டி வைத்ததை ஒரு சிரிப்பில் இடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலும் சொல்ல நல்லவர்களால்தான் முடியும்.

குகைக்குப் போக வேண்டும் என்று கேட்டது அவர். நீச்சல்குளத்தில் டைவிங் பழகி ஓர் அட்டை வாங்கி வைத்திருந்தார். அதைப் பர்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். நான் எல்லாம் ஏற்பாடு செய்தேன். படகு, கைடு, அவர் அளவுக்கு உடை, அக்கா உட்கார நிழல், வாந்தி வந்தால் மாத்திரை. ஏற்பாட்டில் யாரும் குறை சொல்ல முடியாது.

முதல்நாள் கரையோரம் ஒத்திகை பார்த்தார்கள். கைடு தண்ணீரிலிருந்து ஏறி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் ஒல்லியான, எதையும் இரண்டு தடவை சொல்கிற ஆள். தண்ணீருக்கு வெளியே அவருக்கு ஒன்றும் தெரியாது. எதிரில் நிற்பவன் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நம்பிவிடுவார்.

"இவரு சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை அடிக்கிறாரு. குகையில கீழ மாவு மாதிரி மண்ணு. கெளம்பினா தன் கை தனக்குத் தெரியாது. இன்னும் ஒரு நாள் பழகட்டும்னு சொல்லு."

"என்னவாம்?" என்றார் அத்தான், காதிலிருந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டே.

"நல்லா பண்றீங்களாம். நாளைக்கே போலாமாம்" என்றேன்.

அத்தான் அக்காவைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற மாதிரி ரப்பர் கழுத்தைத் தூக்கிவிட்டார். கைடிடம், "நாளன்னிக்குக் கெளம்பறாங்க. நாளைக்குப் போனாத்தான் உண்டு. ஜாக்கிரதையா இருக்கேன்னு சொல்றாரு" என்றேன். அவர்கள் கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது.

குகை என்றால் பாறைக்கடியில் பெரிய வாய். உள்ளே கொஞ்சதூரம் வரை பின்னால் திரும்பினால் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம் தெரிகிற வரைக்கும்தான் கூட்டிப்போவார்கள். வாசலிலிருந்து உள்ளே ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் ஓரமாகப் போய் அதன் ஓரமாகவே திரும்புவார்கள். குழந்தைகளை ரோட்டைக் கடக்க வைக்கிற மாதிரி.

படகை நிறுத்தியதும் கைடு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். தனக்கு முன்னால் நீந்தக் கூடாது. சுவரைத் தொடக் கூடாது. காற்று பாதியாகும் முன்பே தனக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் நான் பிசகாமல் சொன்னேன். அக்கா ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அத்தான் எதைச் செய்தாலும் யாராவது படம் பிடிக்க வேண்டும். கடைசியாகக் கைடு அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மண்ணு கெளம்பி ஒண்ணும் தெரியலன்னா நகராதீங்க. கயித்தப் புடிச்சுக்கிட்டு அந்த எடத்துலயே இருங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அதையும் இரண்டு தடவை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்தா பதறாதீங்க அத்தான். மேல ஒரு கையால அமுக்கிக்கிட்டு மூக்கால ஊதுங்க. போயிடும்" என்றேன்.

அத்தான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு தலையாட்டினார். கைடுக்குத் திருப்தி. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தண்ணீர் புகுந்தால் அப்படித்தான் ஊத வேண்டும்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் பதற வேண்டும். முக்கிமுனகி மேலே வந்து, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். அக்காவின் ஃபோன் அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாளியோடு என்னைப் பிடித்த படத்துக்கு அது ஒரு பதில், அவ்வளவுதான். நியாயமாக யோசிக்கிற யாரும் அதைக் கொலை என்று சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் இறங்கிப் போனதும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.

"அவருக்கு ஒம்மேல ரொம்பப் பாசம்டா. அன்னிக்கு எடுத்தாருல்ல, அந்த வாளி வீடியோ? நம்ம குரூப்புல போடுங்க, சிரிப்பாங்கன்னு நாந்தான் சொன்னேன். வேணாம், பையன் மனசு நோகும்னு அன்னிக்கே அழிச்சிட்டாரு."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்ததை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. பெருந்தன்மை உள்ளவர்களுக்கு அடுத்தவனைக் காக்க வைப்பதில் ஒரு சுகம்.

கைடு தனியாக மேலே வந்தார். முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். உதடு வெளுத்திருந்தது.

"மண்ணு கெளம்பிடுச்சு. வாசல்லேர்ந்து கடைசி வரைக்கும் கயித்தத் தடவிப் பாத்துட்டேன். ஆளக் காணோம். நகரக் கூடாதுன்னு சொன்னேனே, அத அவருகிட்ட சொன்னியா?"

"என்னடா சொல்றாரு? அவரு எங்க?" என்றாள் அக்கா.

"சொன்னேன்" என்றேன் கைடிடம். "டேங்க் மாத்த வந்திருக்காராம்" என்றேன் அக்காவிடம்.

இதை விளக்க வேண்டும். குகைக்குள் வலதுபக்கம் மேலே ஒரு பிளவு இருக்கிறது. அதன் வழியாக வெளிச்சம் விழும், ஆள் நுழைய முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று தெரியாதவன் பயந்தால் அந்த வெளிச்சத்தை நோக்கித்தான் போவான். இது கைடுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லவில்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் நேராக அங்கே போயிருப்பார். சொன்னேன் என்றதால், அத்தான் கயிற்றில்தான் எங்கேயோ இருக்கிறார் என்று நம்பி மறுபடியும் கயிற்றோடேயே தடவிக்கொண்டு போனார். பிறகு இன்னொரு தடவை. அந்தப் பிளவுக்கடியில் போய்ப் பார்க்கும்போது அத்தானின் டேங்க் காலி. முதல் தடவை கைடு மேலே வந்த நேரத்தில் அதில் காற்று இருந்திருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள்.

விசாரணை துறைமுகக் காவல் நிலையத்தில் நடந்தது. பச்சைச் சுவர், ஓடாத மின்விசிறி. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் இருந்தேன்.

அக்கா கைடைப் பார்த்துக் கேட்டாள். "மண்ணு கெளம்பினா என்ன பண்ணணும்னு நீ ஏன்யா அவருக்குச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம்புருஷன் இருந்திருப்பாரே."

கைடு சொன்னார். "நான் சொன்னேம்மா. இவன் வழியாத்தான் சொன்னேன். இவனையே கேளுங்க."

"மறந்துட்டாராம். மன்னிச்சிடச் சொல்றாரு" என்றேன் அக்காவிடம்.

அக்கா எழுந்து, நீ நாசமாப் போக, உன் குடும்பம் விளங்காமப் போக என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். தன்னை நம்புகிறாள், துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கைடு அவளைக் கும்பிட்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் இன்னொருவன் வாயை நம்பிப் பிழைத்தவர் ஒரு நாளாவது நம் பாஷையில் பத்து வார்த்தை கற்றுக்கொண்டிருக்கலாம். அவர் இல்லாதபோது போலீஸ் கேட்டதற்கும், அவர் சொல்ல மறந்துவிட்டார் என்றேன். அன்றைக்கே அவரை உள்ளே போட்டுவிட்டார்கள். அவர் மனைவி தினமும் கடைக்கு வந்து, எப்போது விடுவார்கள் என்று என்னைக் கேட்கிறாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுகிறேன்.

நாளைக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர் வருகிறார். அக்கா எடுத்த வீடியோவைப் போட்டுக் கேட்கப்போகிறார்களாம். அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு இரண்டு பாஷையும் எவ்வளவு தெரியுமோ, அரைகுறையாகப் புரிந்துகொண்டு தாறுமாறாக ஏதாவது சொல்லிவைப்பான். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

ஆகவே சொல்கிறேன். கைடு மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார், தேட வேண்டிய இடத்தில் தேடினார். அத்தானைக் கொன்றது நான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னதை மறைத்தபோது கூட இல்லை. பிறகு கைடு தனியாக மேலே வந்து கேட்டபோது, அத்தானுக்கு இன்னும் மூச்சு இருக்கையில், பேசினால் பிழைப்பார் என்று தெரிந்தே கொன்றேன். இதைக் காவல் நிலையத்தில் காட்டி அந்த ஆளை வெளியே விடச் சொல்லுங்கள்.

அக்கா விடுதி அறையில் படுத்திருக்கிறாள். சாப்பிடவில்லை. கதவைத் தட்டினால் எனக்கு மட்டும்தான் திறக்கிறாள். இந்த ஊரில் அவளுக்காகப் பேச வேறு யாரும் கிடையாது, நான் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கும் இது தெரிய வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதனால் இதைப் படிக்கிறவர்கள் ஃபோனில் கூப்பிட்டு அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். படகில் கைடிடம் "சொன்னேன்" என்று நான் பொய் சொன்ன பகுதி வரும்போது மட்டும், அதை விட்டுவிட்டு மேலே படியுங்கள்.