கீழ வரைக்கும் யாரு வாசிக்கா?

— மாமா, தேனீக்குப் பொகை போடுக குழல கீழ வச்சிட்டு இஞ்ச பாருங்க. ஒருக்கா சிரிச்சா போதும். ஒரு நிமிச வீடியோதான்.

— ஜெஸ்பின், நான் தேன் விக்கேன். பல்ல விக்கல்ல.

— பல்ல யாரு கேட்டா? நீங்க பெட்டியத் தொறந்து தேனடைய எடுத்துக் காட்டுங்க. பேச வேண்டியத மாமி பேசுவாவ.

— நான் பேசுவேன் மக்கா. சாரி நேத்தே எடுத்து வச்சாச்சு. சர்ச்சுக்கு உடுக்க அந்தக் கடுத்த நீலம்.

— ஏட்டி லில்லி, தேனீப் பெட்டிக்கு முன்ன கடுத்த நீலமா? கண்டாலே கொட்டுமே.

— கொட்டட்டும். உங்களுக்க நாக்கு கொட்டாததயா அது கொட்டப் போவுது?

— எனக்க எழுத்துதான் இன்டர்நெட்ல நம்ம தேன் பேஜ்ல கெடக்கே, அது போதாதா? நான் ராவும் பகலும் யோசிச்சு எழுதித் தாறேன். நீ அப்படியே போடுகியா, இல்ல வெட்டுகியா?

— வெட்டல்ல மாமா. சனிக்கிழமைதோறும் நீங்க வாட்சப்புல அனுப்புகத ஒரு எழுத்து விடாம ஏத்துகேன். அதுதான் சங்கடமே. கஸ்டமரு எல்லாம் தேன் உறைஞ்சு போச்சு, சீனி கலந்திருக்குன்னு குப்பியத் திருப்பி அனுப்புதாவ. வீட்டுக்குள்ள கேன் கேனா கெடக்கு. அடுத்த ரப்பர் தளிரு விட்டு புதுத் தேன் வாறதுக்கு முன்ன இதெல்லாம் போகாண்டாமா?

— ரப்பர்த் தேன் உறையத்தான் செய்யும். அது அதுக்க குணம். அத நான் விளக்கமா எழுதியிருக்கேனே.

— எழுதியிருக்கிய. யாரு வாசிக்கா? வீடியோல மாமி உறைஞ்ச குப்பிய எடுத்து இளஞ்சூட்டு வெள்ளத்துல வைக்கணும். அது உருகுகத எல்லாரும் பாக்கணும். கண்டாச்சு, கேள்வி தீந்தாச்சு.

— கண்டாத்தான் நம்புவேன்னு சொன்னது தோமா. காணாம நம்புறவன் பாக்கியவான். வேதத்துலயே இருக்கு.

— அது பரலோகத்துக்கு மாமா. கூரியருக்குச் செல்லாது.

— பின்ன அந்த மார்த்தாண்டத்துத் தேன்காரனுக்க வீடியோவ நீ கண்டியா? மலையும் அருவியும் புல்லாங்குழல் சத்தமும். அவனுக்க பெட்டி எங்க இருக்கு? நம்ம பெட்டிக்க அடுத்து, இதே ரப்பர் தோட்டத்துல. வீடியோ கள்ளம் பறையாதுன்னு உன்கிட்ட யாரு சொன்னா?

— எழுத்து மட்டும் சத்தியவானா? அவன் எழுத்துலயும் மலைத் தேன்னுதான் போட்டிருக்கான். நம்ம வீடியோல ரப்பர் மரமே தெரியட்டும். பால் வடியுற சிரட்டையும் தெரியட்டும். உள்ளதக் காட்டினா போதும்.

— உங்க தங்கச்சி மவதானே, அவ சொல்லுகத ஒருநாளாவது கேளுங்க. மக்கா, நான் பேசிக் காட்டுகேன், செரியான்னு பாரு. 'அன்பான நேயர்களே, வணக்கம். எங்கள் இல்லத்தில் தயாராகும்...'

— மாமி, மாமி, டிவிக்காரி மாதிரி வேண்டா. நீங்க அடுத்த வீட்டுக்காரிகிட்ட பேசுக மாதிரி பேசுங்க.

— அடுத்த வீட்டுக்காரிகிட்ட நான் பேசி ஒரு மாசமாச்சு.

— செரி, என்கிட்ட பேசுங்க. மாமா, இன்னொரு காரியம். தேனப் பத்தி எழுதினதக்கூட விடுங்க. அதுக்குக் கீழ ஒண்ணு எழுதுகியளே, அத வாசிக்கேன், நீங்களே கேளுங்க. 'கிணற்றடி வருக்கைப் பலாவில் இந்த வருடம் நல்ல காய்ப்பு. நாய் குட்டி போட்டிருக்கிறது; கறுப்புக் குட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டம்மாவுக்கு முழங்கால் வேதனை குறைந்து, இப்போது தானே படியிறங்குகிறாள்.' தேன் வாங்க வந்தவனுக்கு மாமிக்க முழங்கால் எதுக்கு?

— எனக்க கர்த்தாவே! எனக்க காலையும் உலகம் முழுக்கக் கூறிட்டியளா?

— தேன் வாற வீடு எப்படிப்பட்ட வீடுன்னு ஆளுகளுக்குத் தெரியாண்டாமா? வீடு தெரிஞ்சாத்தான் நம்பிக்க வரும். மனசிலாச்சா?

— அப்ப அதயும் வீடியோலயே காட்டிருவோம். கிணறு, பலா, நாய்க்குட்டி, மாமி படியிறங்கி வாறது. எல்லாம் ஒரு சுத்துல தீந்துரும்.

— அதத்தான் நானும் சொல்லுகேன். எல்லாத்தையும் காட்டு மக்கா. அடுக்களையக் காட்டு. இவியளயும் காட்டு, தலையெல்லாம் நரச்சுப் போய் நிக்க கோலத்த.

— எனக்க நரயக் கண்டு யாரு தேன் வாங்கப் போறா?

— வாங்காண்டாம். கண்டா போதும்.

— யாரு கண்டா போதும்?

— காணுகவிய காணட்டும்.

— லில்லி, நேரே சொல்லு.

— நேரே சொல்லுகேன். ஜெனிலா காணட்டும். எனக்க மவ காணட்டும்.

— அந்தப் பேர இஞ்ச...

— எடுக்கப்பிடாது. தெரியும். நீங்க வேண்டாண்ணு சொன்ன சஜினக் கலியாணம் கெட்டிட்டு அவ பூதப்பாண்டிக்குப் போன அண்ணு என்ன சொன்னிய? இந்த வீட்டுலருந்து அவளுக்கு ஒரு போன் போகப்பிடாதுன்னு சொன்னிய. போகல்ல. ராத்திரி ஜெபத்துல அவ பேரச் சொல்லப்பிடாதுன்னு சொன்னிய. சொல்லல்ல, தொண்டைக்குள்ள முழுங்கினேன். ரெண்டு கிறிஸ்மஸ் கழிஞ்சாச்சு. வீடியோ போகப்பிடாதுன்னு மட்டும் நீங்க சொல்லல்ல.

— மாமி, அப்ப இது தேனுக்கு இல்லியா?

— தேனுக்கும்தான் மக்கா. அது பாட்டுக்கு விக்கட்டும். கூட்டத்தோட கூட்டமா அவளும் ஒருக்கா பாப்பாள்லா. அவளுக்கு எனக்க முகம் மறந்துருமோன்னு பேடியா இருக்கு.

— மாமா, வீடியோ எடுக்கவா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க.

— எடுங்க. எனக்க முகம் வீடியோல விழாம எடுங்க.

— விழுந்தா என்ன?

— அண்ணு அவளுக்கு முன்ன நிண்ணு கத்தின முகம்லா இது. இத வச்சிட்டு என்னத்தச் சிரிக்க?

— செரி மாமா, அழாதிய. கை மட்டும் விழட்டும், போதும். மேல வீடியோ வந்துட்டுன்னா, கீழ அந்தப் பலா, நாய்க்குட்டி எழுத்தெல்லாம் வேண்டா. நான் இப்பமே அழிச்சிருகேன்.

— அழிக்காத!

— கத்தாதிய, பெட்டி தொறந்து கெடக்கு. தேனீ கலைஞ்சா ஓடணும்.

— வீடியோ எடு. மாமி பேசட்டும், பாட்டும் பாடட்டும். எழுத்துல மட்டும் கைய வைக்காத.

— அத ஆரும் வாசிக்கல்ல மாமா, சத்தியமா. எந்த ஆளு எங்க வரைக்கும் போறான்னு எனக்க போன்ல தெரியும். விலையப் பாப்பான், படத்தப் பாப்பான், போயிருவான். கீழ வரைக்கும் வாறது ஒரே ஒரு ஆளு.

— ஒரு ஆளு உண்டா?

— உண்டு. சனிக்கிழமை நான் ஏத்தின உடனே வந்துரும். ஒரு குப்பி வாங்கினதில்ல.

— எந்த ஊரு?

— ஊரும் இல்ல, பேரும் இல்ல. போன வாரம் பேஜ்ல உள்ள கேள்விப்பெட்டியில ஒண்ணு எழுதிப் போட்டிருந்து. ஏதோ கிறுக்குன்னு நெனச்சு நான் பதிலே போடல்ல.

— என்ன கேட்டிருக்கு?

— நீங்க போன வாரம், பின்வாசல் கதவச் செதலு அரிச்சு வேற கதவு போட்டாச்சுன்னு எழுதினியள்லா? அதுக்குத்தான். வாசிக்கேன். 'பின்வாசலுக்குப் பழைய சாவி இப்பவும் சேருமா?' தேன் பேஜ்ல கேக்கக் கூடிய கேள்வியா இது?

— எனக்க கர்த்தாவே... அந்தச் சாவி எனக்க மவளுக்க பையிலதானே போச்சு.

— மாமா... நீங்க இத்தற நாளும் இத அவளுக்குத்தான்... மாமா, இதுக்கு நான் என்ன பதில் போட?

— கதவுதான் புதுசு, பூட்ட மாத்தல்லன்னு போடு.